ஊர்ப் பணமும் சேரியின் கையும்

1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பஞ்சாயத்து வரவு செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்தது. ஊர்ப் பணத்தை ஊரே முடிவு செய்கிறது என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த 'ஊருக்குள்ளே' சேரி இருக்கா?

தலைவரைத் தேர்ந்தெடுக்க மறைவான பெட்டி உண்டு. பணத்துக்கு மட்டும் நாலு பேர் பார்க்கக் கை தூக்கணும். எங்க குந்தாரப்பள்ளிப் பக்கம் ஒரு சேரி ஆள் "சுடுகாட்டுப் பாதைக்கு மொதல்ல காசு வைங்க" என்று எழுந்தால் எதிரே உட்கார்ந்திருப்பது யார்? நாளைக்கு அவனுக்குக் கூலி கொடுக்கிறவர். கை எப்படி எழும்பும்? 'ஏகமனதாக நிறைவேறியது' என்று பதிவேடு சொல்லும். அதில் எங்க மனசு எங்கே?

அமெரிக்காவில் பல கவுண்டிகளில் பள்ளிக்கூட வரிக்குக்கூட ரகசிய ஓட்டுத்தான். அது இங்கே வந்தால் பயம் குறையும். எண்ணிக்கை மாறாது, பெட்டிக்குள்ளும் நாங்க சிறுபான்மைதான்.

அதனால் கேட்கிறேன்: பிணம் போகிற வழியை ஓட்டுக்கு விடலாமா? அது பெரும்பான்மை போடும் பிச்சையல்ல, எங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. பாக்கியைத் தரலாமா வேண்டாமா என்று கடன்பட்டவன் ஓட்டுப் போடுவது எந்த ஊர் நியாயம்?