வயதை மட்டும் கேட்ட அட்டை

"வருமானம் எவ்ளோன்னு கேக்கவே இல்லப்பா. ஆதாரப் பாத்தாங்க, வயசப் பாத்தாங்க, குடுத்துட்டாங்க." வீராம்பட்டினத்தில் ஆயா தன் வய வந்தனா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதைத் தொட்ட எல்லோருக்கும், ஏழையோ பணக்காரரோ, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை உண்டு.

பக்கத்தில் பெரிய மாமா. போலியோவில் ஒரு கால் சூம்பியவர், வயது 48. இடுப்புக்கு ஆபரேஷன் வேண்டும் என்றிருக்கிறார்கள். "எனக்கு இன்னும் 22 வருஷம் இருக்கு" என்று சிரித்தார்.

2018இல் ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது கிராமக் குடும்பங்களைச் சேர்க்க வைத்த அளவுகோல்களில் ஒன்று இது: வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும், உடல்திறனுள்ள பெரியவர் யாரும் இருக்கக் கூடாது. தம்பி கடலுக்குப் போனால் அண்ணனின் உடல்குறை இந்த விதியின் கண்ணுக்குத் தெரியாது.

இருக்கிற பணத்தை நாதியற்றவருக்கு முதலில் கொடுப்பது நியாயம்தானே? நியாயம்தான். ஆனால் ஆயாவுக்கு உரிமையாக வருவது, மாமாவுக்குத் தம்பியின் தயவாக அல்லவா வருகிறது?

மூப்பு நமக்கும் வரும் என்று நம்புகிறோம். அதனால் கேள்வி கேட்காமல் கொடுக்க முடிகிறது. உடல்குறையை மட்டும் அடுத்தவர் விதியாக நினைத்துக்கொள்கிறோம். அலையில் படகு கவிழ்ந்து முதுகுத்தண்டு முறிய ஒரு விடியற்காலை போதும். அது இந்த ஊருக்குத் தெரியும். விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கலாம்.