நள்ளிரவு 12.30

இங்கிலாந்தில் வெள்ளி இரவு 8 மணி என்றால் ஓகஸ்டில் திருகோணமலைக்குச் சனி பிறந்து அரைமணி. 2025–26 பிரீமியர் லீக் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இங்குள்ள லிவர்பூல் ரசிகர் கண்விழித்தது அப்படித்தான்: வீட்டார் எழும்பாதபடி கைபேசியின் சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் பிளேன்டீ வைத்து.

போர்ன்மத்துக்கு எதிராக 2–0 என்றிருந்தது 76ஆவது நிமிடத்தில் 2–2. ஒரே ஆட்டத்தில் 38 ஆட்டங்களுக்கும் தீர்ப்பு எழுதிவிடும் நேரம் அதுதான். 88இல் லிவர்பூலின் கியேசா அடித்தார், கடைசியில் சாலா. 4–2.

ஆனால் மனதில் தங்கியது கோல் அல்ல. ஜூலையில் கார் விபத்தில் மாண்ட லிவர்பூல் வீரர் தியோகோ ஜோட்டாவின் பாட்டை அரங்கம் பாட, சாலா தனியே நின்று அழுதார். இங்கே உட்துறைமுக வீதி இருட்டில் கிடந்தது, தேநீர் ஆறிப்போயிருந்தது.