தோள் மாற்றும் நேரம்

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நாகப்பட்டினம். அங்கே மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் அலை வடிந்தபின் நடந்ததை ‘மீட்புப் பணி’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இடிபாட்டிலிருந்து உடல்களை எடுப்பது, அடையாளம் பார்க்க வந்த தாயின் பக்கத்தில் நிற்பது, குழி வெட்டி மொத்தமாகப் புதைப்பது, விடிந்ததும் அதையே மறுபடி செய்வது, இவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. இதையெல்லாம் தாங்குவது அவரவர் நெஞ்சுரத்தைப் பொறுத்தது என்றுதான் பொதுவாக நம்புகிறோம். குழு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது பெரிதும் பொறுத்திருக்கிறது என்பேன்.

அதிர்ச்சிக்கு ஆளானவர்களைச் சில நாட்களுக்குள் ஒருமுறை உட்காரவைத்து, கண்டதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லவைத்தால் மனக்காயம் தங்காது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது. அதனால்தான் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் 2007இல் சேர்ந்து வெளியிட்ட பேரிடர் மனநல நெறிமுறை, பேசச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள் என்கிறது. அதே நெறிமுறை வேலை நேரத்தைப் பற்றி மிகக் கறாராகப் பேசுகிறது: ஒரு முறைக்கு 8 மணி நேரம் நல்லது, முடியாவிட்டாலும் 12 மணியைத் தாண்டக்கூடாது, அந்தப் பன்னிரண்டும் ஓரிரு வாரத்துக்குத்தான். பேசவைப்பதைவிட முறைமாற்று முக்கியம் என்று எனக்கு இது புரிகிறது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதுபோல. இறக்கி வைத்தவரை அங்கே யாரும் கோழை என்பதில்லை. அடுத்த தோள் தயாராக இருப்பதால்தான் சாமி வீதி சுற்றி வருகிறது.

உயிர் ஊசலாடும்போது ஓய்வைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். முதல் சில மணி நேரத்துக்கு அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் பேரிடர் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. தூக்கமில்லாத கண் மருந்தின் அளவைத் தவறவிடும், பெயர்ப்பட்டியலில் ஒரு குழந்தையை விட்டுவிடும். இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. உதவ வந்தவரே வீட்டைப் பறிகொடுத்த உள்ளூர்க்காரர் என்றால் அவரை எந்த ஊருக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொல்வது? அவருக்கு வேலையே பிடிமானமாக இருக்கலாம். விலகச் சொல்ல வேண்டியதில்லை. சொந்தத் தெருவின் உடல்களை அவர் கையில் கொடுக்காமலிருக்கலாம், கூடவே ஒருவரை இணைக்கலாம், போதும் என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடலாம். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழுப் பொறுப்பாளர். களைத்தவரிடமே கேட்டால் “பரவாயில்லைங்க” என்றுதான் சொல்வார்.

யாரை உதவியாளர் என்று எண்ணுகிறோம் என்பதும் இதில் இருக்கிறது. நாகையில் உடல்களைத் தூக்கிய கைகளில் கணிசமானவை வேறு நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களுடையவை. பயங்கரத்தை நேரில் கண்ட பணியாளர்களை 1 முதல் 3 மாதங்களுக்குள் தேடிப்போய் விசாரிக்க வேண்டும் என்கிறது அந்த நெறிமுறை. மருத்துவரும் அதிகாரியும் இருக்கும் அந்த விசாரிப்புப் பட்டியலில், வேலை முடிந்ததும் ஊர் திரும்பிய அந்தத் தொழிலாளியின் பெயரும் முகவரியும் முதல் நாளே ஏறியிருக்க வேண்டும்.