கல்லைப் படிக்கிறவன்

போருக்குப் போய் வந்த ஒருவரின் கல்லறையை வைத்து விளையாடலாமா? நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தென்கோடியில், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பேர்போன புக்கெகோஹியில் இந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பது, ஜி.பி.எஸ். எண்களை வைத்து மறைத்த பெட்டியைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில், ராணுவத்துக்காக உருவான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மே 3 அன்று ஆரிகனில் ஒருவர் வாளியொன்றை மறைத்து வைத்து, இருக்குமிடத்தை எண்களில் அறிவித்தார். விளையாட்டு அப்படிப் பிறந்தது. கல்லறை விடுகதையில் பெட்டி பெரும்பாலும் வேலிக்கு வெளியே எங்கோ இருக்கும். உள்ளே தேட வேண்டியவை எண்கள் மட்டும்: இறந்த ஆண்டு, வயது, படை எண். அவற்றைக் கூட்டிக் கழித்தால் 37 பாகை தெற்கு என்று தொடங்கும் அட்சரேகையின் மிச்ச இலக்கங்கள் கிடைக்கும். கலையின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) முதல் தசம இலக்கத்தில் ஒன்று பிசகினால் 185 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். ஆகவே கல்லை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர முடியாது.

இதை அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. கல் நடுவதே படிக்கப்படுவதற்காகத்தான். அகநானூற்றில் ஒரு நடுகல் வருகிறது. அம்பு தீட்டித் தீட்டி அதன் இடை மெலிந்திருக்கிறது. வழிப்போக்கர்கள் நின்று பார்க்கிறார்கள். எழுத்து கூடிவராததால் அப்படியே விட்டுவிட்டு நடக்கிறார்கள். அந்தக் கல்லின் துயரம் யாரோ அதன்முன் சிரித்துவிட்டார்கள் என்பதல்ல, படிக்கப்படாமல் போனது. கவனியுங்கள், அங்கே படிக்க முயல்பவர்கள் உறவினர்களும் அல்லர், பூசாரிகளும் அல்லர், வழியோடு போகிற அந்நியர்கள். மூன்று தலைமுறை கடந்த எந்தக் கல்லறைக்கும் மிஞ்சுவது அந்த அந்நியன்தான்.

வந்தவனுக்கு வேண்டியது இலக்கம், மனிதர் அல்ல என்பார்கள். சரியான ஆட்சேபம். ஆனால் மரியாதைக்கு எண்ணம் முன்கூட்டியே வேண்டுமா? சிவராத்திரிக் கதையின் வேடன் புலிக்குப் பயந்து மரமேறினான். தூக்கம் வராமலிருக்க இலைகளைக் கிள்ளிப் போட்டான். மரம் வில்வம், கீழே லிங்கம். அவன் பூசை செய்யவில்லை, ஆனால் பூசை நடந்தது. நம் மரபு அந்த இரவைத் தள்ளுபடி செய்யவில்லை. இங்கே தேடுபவன் வேடனைவிட ஒரு படி மேல், அவன் படித்தாக வேண்டும். முதல் உலகப் போர் காலத்து நியூசிலாந்து வீரரின் படை எண்ணில் சாய்கோட்டுக்கு முன் 12 இருந்தால் ஆக்லாந்துக் காலாட்படை, 13 என்றால் ஆக்லாந்துக் குதிரை வீரர் படை. எண்ணுக்காகக் குனிந்தவன் இதை விசாரிக்கத் தொடங்கிவிட்டால், ஓர் ஆளை எண்ணாக்கிய அதே முத்திரை ஆளிடம் திரும்பும் வழியாகிறது. விசாரிக்காமல் போகிறவர்களும் உண்டு. ஆண்டுக்கொரு முறை மலர்வளையம் வைத்துவிட்டுப் பெயரைப் பார்க்காமல் நகர்கிறவர்கள் மட்டும் என்ன கண்டார்கள்? ஒன்று மட்டும் விடுகதை அமைப்பவர் கையில் இருக்கிறது. பூச்சாடிகளை எண்ணச் சொல்லும் கேள்வி வெறும் விளையாட்டு; வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கிடச் சொல்லும் கேள்வி வேறு.

இடத்தின் புனிதம் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. 2005இல் அமெரிக்காவின் தென் கரோலினா பிரதிநிதிகள் சபை கல்லறைகளில் இந்த விளையாட்டைக் கட்டுப்படுத்த மசோதா நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. சட்டத்தைவிட, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வழக்கம் எனக்குத் தெளிவாகப் படுகிறது. உருப்பா எனப்படும் அவர்களது இடுகாடு 'தபு', அதாவது விலக்கப்பட்ட புனிதம். வெளியேறும்போது நீரால் கை நனைப்பார்கள். மயானம் போய்வந்தால் தலைமுழுகும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே புதைக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் கேட்டுக்கொள்ளாத வரை உருப்பாவில் விடுகதை கூடாது. பொதுக் கல்லறையிலும் பெட்டி வேலிக்கு வெளியேதான்.

இத்தனைக்குப் பிறகும் இந்த மரியாதைக்கு ஓர் எல்லை உண்டு. கல்லும் எண்ணும் உள்ளவர்களை மட்டுமே அது தேடிப் போகும். 1863 செப்டம்பர் 14 அன்று, குடியேற்ற அரசும் மாவோரிகளும் மோதிய வைக்காட்டோ போரின்போது, புக்கெகோஹி கிழக்கில் குடியேறிகள் பதுங்கியிருந்த சின்னஞ்சிறு தேவாலயத்தை மாவோரிகள் தாக்கினார்கள். அதன் மரச்சுவரில் குண்டுத் துளைகளை இன்றும் பார்க்கலாம். அன்று மடிந்த மாவோரி வீரர்களுக்குப் படை எண் கிடையாது.