தெரியாததைத் தெரியாது என்று சொல்வது

பண்டமாரானில் கடை நடத்தும் நம்மவர் எவரும், புது அரிசி வந்தவுடன் விற்றுவிடமாட்டார். ஒரு பிடி அள்ளிச் சமைத்துப் பார்த்த பிறகே, நல்ல சரக்கு என்பார். சரக்குக் கெட்டதானால் நஷ்டம் அந்த ஒரு பிடிதான். ஆனால் புது மருந்துக்கு மாதிரி பார்ப்பது எப்படி? சோதனைக் குழாயிலும் எலியிடத்திலும் பார்த்த பின், கடைசியில் ஒரு மனிதனிடத்தில் பார்த்தே ஆகவேண்டும். அந்த மனிதனுக்குச் செய்யவேண்டிய நியாயம் என்ன?

நம் ஊருக்கு அருகில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 1948-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு டாக்டர் ஸ்மேடல் குழுவினர் அமெரிக்காவிலிருந்து ஒரு புது மருந்து கொண்டுவந்தனர். வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்த குளோரம்பெனிகால் அது. அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் போர்வீரரையும் வாட்டிய உண்ணிக் காய்ச்சலுக்கு அதைக் கொடுத்தார்கள். மருந்துண்ட 25 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. மருந்து பெறாத 12 பேரோடு அவர்களை ஒப்பிட்டார்கள். உண்ணிக் காய்ச்சல் என்றெண்ணி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினர். டைபாய்டுக்குத் திட்டமாகப் பலித்த முதல் மருந்து இவ்வாறு நம் தலைநகரில் தெரியவந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1950-களின் தொடக்கத்தில், இம்மருந்தை உண்டோரில் பல்லாயிரத்தில் ஒருவருக்கு இரத்தம் ஊறுவதே நின்றுபோய் உயிருக்கு ஆபத்து நேர்வது கண்டறியப்பட்டது. 25 பேரிடம் பார்த்தபோது தெரியாத குற்றம், இலட்சக்கணக்கானோர் உண்ட பிறகே தெரிந்தது.

பலன் நல்லதாயிற்றே, இனிக் கேள்வி எதற்கு என்பார் சிலர். நாம் அதை ஒப்பவில்லை. இலாபம் வந்ததால் வியாபாரம் நேர்மையாகிவிடாது. கொடுத்த வேளையில் கை சுத்தமாக இருந்ததா என்பதே கேள்வி. குணமாகும் என்று அறிந்தே 12 பேருக்கு மருந்தை மறுப்பது பாவம். உண்மையிலேயே அறியாதிருந்தால், ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர அறிய வழியில்லை. ஆகவே, “இது பலிக்குமா என்று எங்களுக்கே தெரியாது; சம்மதமா?” என்று கேட்பதில்தான் அறம் நிற்கிறது. சம்மதமின்றி மனிதரைச் சோதிக்கலாகாது என்று 1947-இல் நூரம்பர்க் நீதிமன்றம் விதித்ததும் இதுவே.

இது டாக்டர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. சர்க்கரை வியாதியை அடியோடு போக்கும், ஆராய்ச்சியில் கண்டது என்று சொல்லி, சுகாதார அமைச்சின் பதிவு எண் இல்லாத புட்டிகளை நம் மேசையில் வைக்கச் சொல்லுவோர் உண்டு. எலிக்குப் பலித்தது மனிதனுக்கு மருந்தாகிவிடாது. அதை விற்றால், நம்பி வந்த வாடிக்கைக்காரரை அவருக்கே தெரியாமல் சோதனைக்கு உட்படுத்துகிறோம். அவருக்குத் தீங்கு நேர்ந்தால் கவனிக்க அருகில் டாக்டரும் இல்லை.

சரக்கின் குறையை மறைக்காதே என்பது மார்க்கம் நமக்கு இட்ட கட்டளை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும் குறையை மறைப்பதேயாகும். அத்தகைய புட்டி வரும்போது, “இது எமக்குத் தெரியாது, வைக்கமாட்டோம்” என்று சொல்லிவிடுவோம்.