தேடப்படும் உரிமை

உடம்புக்குள் வைத்த ஒரு பொருள் சரியில்லை என்பது அதைச் செய்தவருக்குத் தெரிந்துவிட்டது. சுமப்பவளுக்கு இன்னும் தெரியாது. அவளைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டியது யார்?

கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து விறைத்துப்போகும் நோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது. எலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டால் வலி குறையும். ஆனால் அந்த மூட்டு மடங்காது. அசைவைக் காப்பாற்றுவதற்காக சிலிகான், உலோகம், பீங்கான் என்று பலவற்றை அங்கே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'கார்ட்டிவா' என்ற செயற்கைக் குருத்தெலும்புக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. எலும்புக்குள் அமிழ்கிறது, இடம் பெயர்கிறது, உடைகிறது, வலிக்கிறது என எதிர்பார்த்ததைவிட அதிகமான புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் ஸ்டிரைக்கர் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. கிடங்கில் இருப்பதைத் திரும்பப் பெறலாம். எலும்புக்குள் இருப்பதை எடுக்க மறுபடி அறுக்க வேண்டும். எடுத்த இடத்தில் எலும்பு குறைந்திருக்கும்.

விரலை விடப் பெரிய மூட்டான இடுப்பில் இதே சிக்கல் வந்தபோது நம் நாட்டில் என்ன நடந்தது? ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டு, 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. சுற்றியிருந்த சதை சிதைந்தது. சிறிய அளவு மூட்டுகள் அதிகம் பழுதாயின. சிறிய அளவுகள் பெரும்பாலும் பெண்களுக்கே பொருத்தப்பட்டன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017இல். அடுத்த ஆண்டு அது அறிக்கை தந்தபோதும் சுமார் 3,600 நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது குழு. ஆள் இருக்கும் இடமே தெரியாதபோது யாருக்குத் தருவது?

'கண்டுபிடிக்க முடியவில்லை' என்பது நோயாளி தொலைந்துபோனதைப் போல ஒலிக்கிறது. அவர்கள் தொலையவில்லை. தங்கள் வீட்டில், வலியோடு, 'வயசானா அப்படித்தான்' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். தொலைந்தது பதிவேடு.

இந்தப் பதிவேட்டுக் கேள்வி பெண்களுக்கு இன்னும் கூர்மையானது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவது கணவர். கோப்பை வைத்திருப்பது மகன். கொடுத்திருக்கும் போன் எண்ணும் அவருடையது. 'உள்ள என்னம்மா வெச்சிருக்காங்க?' என்று கேட்டால், 'ஏதோ கம்பி, பிளேட்டு' என்பாள். தன் உடம்பில் இருப்பதன் பெயரை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆபத்தே இல்லாத சிகிச்சை கிடையாது என்பார்கள். உண்மைதான். நோயாளி ஒப்புக்கொள்வதும் அந்த ஆபத்துக்குத்தான். ஆபத்து தெரிந்த பிறகும் தன்னிடம் மறைக்கப்படுவதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரிடமும் சொன்னால் வீண் பீதி கிளம்பும் என்றும் சொல்வார்கள். வலியின் காரணம் தெரியாமல் தன் உடம்பையே சந்தேகிப்பது அதைவிடக் கொடிய பீதி. ஒப்புதல் கையெழுத்தோடு முடிவதில்லை என்றே நினைக்கிறேன். பொருள் உடம்பில் இருக்கும் காலம் முழுவதும், அதைப் பற்றிப் புதிதாகத் தெரியவரும் ஒவ்வொன்றும் அவளுக்குச் சேர வேண்டும். லாபம் பார்த்த நிறுவனமும், பொருத்திய மருத்துவமனையும், அனுமதித்த அரசும் அவளைத் தேடக் கடமைப்பட்டவர்கள். அவளே தேடி வரட்டும் என்று காத்திருப்பது கடமையைத் தட்டிக்கழிப்பது.

எங்கள் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் செய்கிறார்கள். பியூஸ் கட்டை விரிசல் விட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கலாம். உடம்பில் வைத்ததை அப்படிக் கழற்ற முடியாது என்பதால்தான் அதன் விவரம் நம் கையில் இருக்க வேண்டும். உள்வைப்பின் பெட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் ஒன்றை அம்மாவுக்கும் அத்தைக்கும் கேட்டு வாங்குங்கள். அதை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.