போகாத துறைமுகம்

போகாத இடத்தை வரைவது பொய்யா? பொய் என்று சொல்லிவிடுவது சுலபம். ஜார்ஜ் லாம்பர்ட்டும் சாமுவேல் ஸ்காட்டும் இந்தியாவுக்கு வந்தவர்கள் அல்ல. 1732 வாக்கில் லண்டன் லெடன்ஹால் தெருவில், கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் கூடும் அறைக்காக ஆறு ஓவியங்கள் தீட்டிக் கொடுத்தார்கள். பம்பாய், தலைச்சேரி, சென்னைக் கோட்டை எல்லாம் அவற்றில் உண்டு. நிலம் லாம்பர்ட்டுடையது, கப்பல்கள் ஸ்காட்டுடையவை. பிறர் கொடுத்த கோட்டுப்படங்களை வைத்துத்தான் வரைந்திருக்க முடியும்.

சென்னை ஓவியத்தில் முன்னால் கப்பல்கள். அப்பால், கரையில், கோட்டை. பார்க்கிறவன் கடலில் நிற்கிறான். அன்று சென்னைக்குக் கட்டிய துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தாம் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன.

நான் இருப்பது ஜவ்வாது மலையில். இங்கே கடல் இல்லை. காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. அங்கிருப்பவர்களும் போகாத இடங்களைத்தான் பார்க்கிறார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியது காவலூரில் பதிவாயிற்று. புதிய துணைக்கோள் என்று முதலில் கருதினார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெளிவாயிற்று.

அனுமானம் தவறியது, பார்வை பொய்யாகவில்லை. காரணம், அந்தப் பதிவு மறுக்கக்கூடியவன் முன்னும் வைக்கப்பட்டது. லெடன்ஹால் தெரு அறையில் ஓவியத்தை மறுக்கக்கூடியவன் யார்? படகைத் தைத்தவன் அங்கே வரவில்லை. ஓவியம் அழகற்றது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியின் கண்ணுக்குச் சென்னை தன் கப்பல் போய்ச் சேரும் இடம். கரையில் நின்றவனுக்கு அதே கப்பல் என்னவாகத் தெரிந்தது என்ற கேள்வி அந்தச் சட்டத்துக்குள் எழ இடமில்லை. நேரில் வந்து, கப்பல் தளத்தில் நின்று வரைந்திருந்தாலும் இது மாறியிருக்காது. போனதும் போகாததும் இரண்டாம்பட்சம். பார்வை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதே முதல் பிரச்னை.

இந்த மலையைப் பற்றிச் சமவெளியில் எழுதப்படும் கவிதைகளிடமும் நான் இதையே கேட்பேன். மலையேறி வந்தாயா என்று கேட்கமாட்டேன். இங்கே சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இல்லை, அப்படி இல்லை" என்றால், திருத்திக்கொள்ள உன் வரியில் இடம் உண்டா?